நியூட்டன் பெட்டி யாருடையது? தேனீ ஆராய்ச்சிக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றி ஒரு விவாதம்

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பில் 14 பெட்டிகளில் இந்தியத் தேனீ வளர்த்து வருகிறேன். சென்ற மாதம் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், நாம் பயன்படுத்தும் பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர் வந்தது எப்படி என்று ஒரு பெண் கேட்டார். வகுப்பில் இருந்த யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஏழு ஆண்டுகளாக அந்தப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் நான், அதைச் செய்தவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அன்று மனத்தை உறுத்தியது.

நம் நாட்டில் தேனீ ஆராய்ச்சி எப்படித் தொடங்கியது, அதற்காக உழைத்தவர்கள் யார், இத்தாலியத் தேனீ இங்கே எப்படி வந்தது என்பதை அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன். கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்டத்தின் கீழ் எங்கள் ஊரில் 20 பேருக்குப் பெட்டி கொடுத்தார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் 17 பேரின் பெட்டிகள் காலியாகிவிட்டன. ஏன் காலியாயின என்று பார்க்க ஒருவரும் வரவில்லை. எங்கும் எழுதிவைக்கப்படவும் இல்லை. ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்கும் எங்கள் தோப்புக்கும் நடுவே இழை எங்கே அறுந்தது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தகடூர் ஆசிரியர் எழுதியது:

தம்பி, பூச்சியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த நியூட்டன் ஒரு பாதிரியார். திருச்சி புனித வளனார் கல்லூரியைச் சேர்ந்தவர். 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் ஊர் மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு முன்பே வடக்கில் முயற்சிகள் நடந்திருந்தன. வங்காளத்தில் அஞ்சல் தந்தித் துறையில் பணியாற்றிய ஜான் டக்ளஸ் 1882இல் பெட்டியில் தேனீ வளர்க்க முயன்று, 1884இல் ஒரு கையேடும் வெளியிட்டார். பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சி. சி. கோஷ் எழுதிய தேனீ வளர்ப்பு அறிக்கை 1915இல் வெளிவந்தது.

அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் 1851இல் ஒன்றைக் கவனித்தார். தேனடைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஏறக்குறைய ஓர் அங்குலத்தின் எட்டில் மூன்று பங்கு இடம் விட்டால் தேனீக்கள் அதை மெழுகாலும் அடைப்பதில்லை, பிசினாலும் அடைப்பதில்லை. நடமாடும் வழியாக வைத்துக்கொள்கின்றன. அடை கட்டிய மரச் சட்டத்தைத் தூக்கிப் பார்க்கும் வசதி அந்த இடைவெளியால்தான் வந்தது. ஆனால் அது மேல்நாட்டுத் தேனீக்கான அளவு. நம் இந்தியத் தேனீ உடலால் சிறியது, கூட்டமும் சிறியது. பெரிய பெட்டியில் விட்டால் அது எல்லா அடைகளையும் மூடி உட்கார முடியாது. தேனீ உட்காராத அடையில் மெழுகுப்பூச்சி முட்டையிடும். அதன் புழு அடையைக் குடைந்து நூலாம்படை கட்டிவிடும். பிறகு கூட்டம் ஓடிப்போகும். நியூட்டன் நம் தேனீயின் உடலுக்கும் கூட்டத்துக்கும் ஏற்றபடி சட்டத்தையும் இடைவெளியையும் சிறிதாக்கினார். உன் பெட்டியில் ராணி முட்டையிடும் கீழ் அறையில் ஏழு சட்டங்கள் இருப்பதும் அந்த வழியில் வந்ததுதான். அவர் எந்தப் பல்கலைக்கழகத் துறைக்கும் தலைவர் அல்லர். ஆனால் உயிரைப் பார்த்து, அளந்து, அதற்கேற்பப் பெட்டியை மாற்றினார் என்ற வகையில் இங்கு நடந்த முதல் தேனீ ஆராய்ச்சி அதுதான் என்பது என் கருத்து.

1928இல் அரச வேளாண்மை ஆணையம் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரிந்துரைத்தது. அதே பத்தாண்டில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் ஊரக மையத்தில் தேனீ வளர்ப்பைத் தொடங்கினார். குமரி மாவட்டம் இன்றும் தேனில் முன்னால் நிற்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கதையோ வேறு. 1868இல் சைதாப்பேட்டையில் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோவைக்கு மாறி, 1971இல்தான் பல்கலைக்கழகமாயிற்று. ஆகவே நம் ஊரில் பெட்டி வந்தது முதலில். பல்கலைக்கழகம் வந்தது பிறகு. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் பிற்பாடு நடந்தவை எளிதில் புரியும்.

அரூர் தேன்பெட்டி எழுதியது:

ஐயா எழுதியது அருமை. ஆனால் நான் இத்தாலியத் தேனீ வைத்திருக்கிறேன்; பருவத்துக்குப் பருவம் பூ இருக்கும் இடத்துக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்கிறேன். புங்கன் பூக்கும் காலத்தில் ஒரு பெட்டியில் எடுக்கும் தேன், இந்தியத் தேனீப் பெட்டியில் ஆண்டு முழுதும் எடுப்பதைவிட அதிகம். பிழைப்புக்கு வழிசெய்த அந்தத் தேனீயைக் கொண்டுவந்தவர்களைப் பற்றி யாராவது எழுதுங்கள்.

பென்னாகரம் மாணவி எழுதியது:

அண்ணா, அதைப் பற்றி நான் படித்திருக்கிறேன். நான் முனைவர் பட்டத்துக்காக இந்தியத் தேனீயின் நோய்களை ஆராய்ந்து வருகிறேன்.

பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் லூதியானாவில் 1962இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், காங்ரா பள்ளத்தாக்கில் உள்ள நகரோட்டா பக்வான் நிலையத்தில் பூச்சியியல் அறிஞர் ஏ. எஸ். அட்வாலும் அவருடைய குழுவினரும், இத்தாலியத் தேனீ என்று நாம் சொல்லும் மேல்நாட்டுத் தேனீயை நம் மண்ணில் நிலைக்கச் செய்தனர். அதற்கு முன் பல பத்தாண்டுகள் நடந்த முயற்சிகள் எதுவும் நிலைக்கவில்லை. முழுக் கூட்டத்தைக் கடல் கடந்து கொண்டுவருவது கடினம்; நோயும் கூடவே வரும். ஆகவே அவர்கள் ராணிகளை வரவழைத்தனர். ராணி வந்தாலும் அவளைப் பேணப் பணித்தேனீக்கள் வேண்டுமே! அதற்கு நம் இந்தியத் தேனீக் கூட்டத்திலிருந்து ராணியை எடுத்துவிட்டு, அந்நிய இனத்து ராணியை அதற்குள் ஏற்கச் செய்தார்கள்.

ஒரே இனத்துக்குள் ராணியை மாற்றுவதே எவ்வளவு சிரமம் என்பதை இங்குள்ளவர்கள் அறிவீர்கள். வயதான பணித்தேனீக்கள் புதிய ராணியைச் சூழ்ந்து பந்து போலத் திரண்டு, அந்த வெப்பத்திலேயே கொன்றுவிடும். இளந்தேனீக்கள் மட்டுமே எளிதில் ஏற்கும். அப்படி இருக்கும்போது வேறு இனத்து ராணி! அவள் இட்ட முட்டைகளை இந்தியத் தேனீக்கள் ஊட்டி வளர்த்தன. பிறந்த மஞ்சள் தேனீக்கள் நாளுக்கு நாள் பெருகின. வளர்த்த தேனீக்கள் ஆயுள் முடிந்து மறைந்தன. சில வாரங்களில் கூட்டம் முழுதும் புதிய இனமாகிவிட்டது. அட்வாலும் ஓ. பி. சர்மாவும் 1968இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். இன்று நாட்டில் உள்ள இத்தாலியத் தேனீ வளர்ப்பு இந்த நகரோட்டா அடித்தளத்தின் மேல்தான் எழுந்தது. அதைத் தாலாட்டி வளர்த்த செவிலித்தாய் நம் இந்தியத் தேனீ என்பதைப் படித்த அன்று, நான் வெகுநேரம் வேறு எதையும் படிக்கவில்லை.

தகடூர் ஆசிரியர் எழுதியது:

மாணவி எழுதியதோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 1962இல் காங்ரா பஞ்சாபில் இருந்தது. 1966இல் மாநில எல்லை மாறியபோது அது இமாச்சலத்தோடு சேர்ந்தது. அதனால்தான் பஞ்சாபின் பல்கலைக்கழகம் செய்த வேலை இமாச்சலத்தில் நடந்ததாகப் பலர் எழுதுகிறார்கள், இரண்டும் சரியே. நாட்டளவில் பார்த்தால், புனேயில் மத்திய தேனீ ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் 1962தான். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் ஒருங்கிணைந்த தேனீ ஆராய்ச்சித் திட்டம் 1980–81இல் வந்தது.

கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஆனால் குளிரில் காலை தோறும் பெட்டியைத் திறந்து, இன்று எத்தனை அறைகளில் முட்டை இருக்கிறது, ராணியைச் சுற்றி எத்தனை தேனீக்கள் நிற்கின்றன என்று எண்ணிய நிலையப் பணியாளர்களின் பெயர்கள் எதிலும் இல்லை. தேனீ ஆராய்ச்சி என்பது பெரும்பகுதி எண்ணுவதுதான். எண்ணியவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

தளி உச்செள்ளு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் தளிப் பக்கம் கேழ்வரகோடு உச்செள்ளு என்னும் எண்ணெய் வித்துப் போடுகிறவள். உச்செள்ளு தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. பூச்சி வந்து வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்தால்தான் மணி பிடிக்கும். ஆகவே தேனுக்காக மட்டுமின்றி எள்ளுக்காகவும் எனக்குத் தேனீ வேண்டும்.

என் மாமனார் காலத்தில் எங்கள் வீட்டில் 22 பெட்டிகள் இருந்தன. நான் வாழ்க்கைப்பட்டு வந்த அடுத்த ஆண்டு, 1992இல், அவை வரிசையாக அழியத் தொடங்கின. எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. மாமனார் ஒரு சட்டத்தைத் தூக்கி வெயிலுக்குக் காட்டினார். மூடியிருக்க வேண்டிய புழு அறைகள் பாதி திறந்து கிடந்தன. ஒவ்வோர் அறையிலும் புழு மல்லாந்து கிடந்து, தலையை மட்டும் தோணியின் முனை போல மேலே தூக்கியிருந்தது. ஒரு தீக்குச்சியால் அவர் அதைத் தூக்கினார். அது உடையவில்லை, தண்ணீர் நிறைந்த சிறு பை போலக் குச்சியில் தொங்கியது. நாற்றமும் இல்லை. "இது புழு இல்லையம்மா, தண்ணிப் பை" என்றார். ஆடி மாதத்துக்குள் 22 பெட்டியும் காலி. யாரோ கொளுத்திவிடச் சொன்னார்கள் என்று பெட்டிகளை அவர் கொளுத்திவிட்டார்.

தப்பியது ஒன்றே ஒன்று. பழைய மாட்டுக்கொட்டகையின் மண்சுவரில் ஒரு பொந்தில் இருந்த கூட்டம். அதையும் அழித்துவிடச் சொன்னவர்கள் உண்டு; என் மாமியார் விடவில்லை. இன்று என்னிடம் இருக்கும் ஆறு பெட்டிகளும் அந்தச் சுவரிலிருந்து பிரிந்த கூட்டங்களின் வழி வந்தவை. அந்த நோய் என்ன, அந்த ஒரு கூட்டம் ஏன் தப்பியது என்று படித்தவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரம் மாணவி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியது தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய். தாய்லாந்தில் 1976இல் முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். 1991–92இல் தென்னிந்தியாவில் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. நோய் தாக்கிய புழு, கூட்டுப்புழுவாக மாறுவதற்குமுன் கடைசித் தோலை உரிக்க முடியாமல் போகிறது. உரியாத தோலுக்கும் உடலுக்கும் நடுவே நீர் தேங்குகிறது. உங்கள் மாமனார் சொன்ன 'தண்ணிப் பை' என்ற சொல்லைவிடச் சரியான விளக்கத்தை நான் பாடநூலில் படித்ததில்லை. பணித்தேனீக்கள் ஊட்டும்போது நோய் ஒரு புழுவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது. பெட்டி இடம் மாறும்போது ஊர்விட்டு ஊர் செல்கிறது. இத்தாலியத் தேனீயை இது பெரிதாகப் பாதிப்பதில்லை. தெற்கில் இத்தாலியத் தேனீ பரவியதற்கு அதன் தேன் விளைச்சல் மட்டும் காரணமன்று; இந்த அழிவுக்குப் பின் வளர்ப்பவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

உங்கள் சுவர்க் கூட்டம் ஏன் தப்பியது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் தெற்கில் இந்தியத் தேனீ மறுபடி பெருகியது, தப்பிய கூட்டங்களிலிருந்து பிரித்துப் பிரித்து வளர்த்ததால்தான். மருந்தால் அன்று. உங்கள் மாமியார் செய்ததும் அதையே.

அரூர் தேன்பெட்டி எழுதியது:

அப்படியானால் தப்பிய கூட்டத்தின் ராணிகளை எடுத்து, ஆடுமாட்டில் செய்வது போல் நல்ல வர்க்கமாகப் பெருக்க முடியாதா? பல்கலைக்கழகங்கள் இதைச் செய்திருக்க வேண்டாமா?

பென்னாகரம் மாணவி எழுதியது:

மாட்டில் எளிது, தேனீயில் அரிது. ராணி பெட்டிக்குள் இணைவதில்லை. வானில் பறந்து பல ஆண் தேனீக்களோடு இணைகிறாள். தந்தை யார் என்பது நம் கையில் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்கச் சிலர் வாழ்நாளையே கொடுத்தனர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாயிட் வாட்சன் 1920களில் நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசியால் ராணிக்கு விந்தைச் செலுத்திக் காட்டினார். ஆனால் பெரும்பாலான ராணிகளில் அது தங்கவில்லை. ஏன் என்று கண்டவர் ஹாரி லெயிட்லா. அவர் இளைஞராக இருந்தபோதே தம் தாத்தாவோடு சேர்ந்து ராணியைக் கையில் பிடித்து இணைசேர்க்க முயன்றவர். ராணியின் உள்ளே ஒரு சிறு தோல்மடிப்பு கதவு போல வழியை மறைக்கிறது என்பதையும், அதை ஒதுக்கிவிட்டுச் செலுத்த வேண்டும் என்பதையும் அவர் 1944இல் விளக்கினார். 1947இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குள்ள தேனீ ஆராய்ச்சிக்கூடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு தோல்மடிப்பைக் கண்டதால் ஒரு துறையே எழுந்தது.

இந்தப் பேச்சில் மியூனிக் பல்கலைக்கழகத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தேனீயின் நடனத்தைப் படித்தறிந்த கார்ல் வான் பிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றதைப் பலர் அறிவர். நாஜி ஆட்சியில் அவருடைய யூத முன்னோரைக் காட்டி வேலையைவிட்டு நீக்க இருந்தார்கள். அப்போது நோசிமா என்னும் குடல்நோய் அந்நாட்டில் பெட்டி பெட்டியாகத் தேனீக்களை அழித்தது. அதை ஆராய ஆள் வேண்டும் என்பதால் அவர் தப்பினார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர், போர்முனையில் காயப்பட்டுத் திரும்பியபோது ஆசிரியரின் ஒரு சொற்பொழிவைக் கேட்டு இந்தத் துறைக்கு வந்தவர். அந்த லிண்டவர் 1950களின் நடுவில் இலங்கைக்கு வந்து, நம் தேனீக்களைப் பார்த்தார். கொம்புத்தேனீ தன் அடையின் தட்டையான மேற்பரப்பில், வானைப் பார்த்தபடி, பூ இருக்கும் திசையை நேராகச் சுட்டி ஆடுகிறது. மலைத்தேனீயும் இந்தியத் தேனீயும் செங்குத்தான அடையில் ஆடுவதால், சூரியனோடு அமையும் கோணத்தை மேல்நோக்கிய கோட்டுக்கு மாற்றிச் சொல்கின்றன.

ஒகேனக்கல் பாறைகளில் தொங்கும் மலைத்தேனீ அடைகளைச் சிறுவயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். லிண்டவரைப் படித்தபின் பார்த்தபோதுதான் அந்தக் கருந்திரையில் ஓர் இடத்தில் மட்டும் சில தேனீக்கள் வாலை ஆட்டி ஓடி, திரும்பிவந்து, மறுபடி ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தினரும், லிண்டவர் பிற்காலத்தில் பணியாற்றிய வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து தென்னிந்தியாவில் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. மூன்று இனங்களில் இந்தியத் தேனீதான் மிகக் குறைந்த தொலைவுக்கு இரைதேடிச் செல்கிறது, மலைத்தேனீதான் மிக அதிகத் தொலைவு செல்கிறது என்று அது காட்டியது. தளி அக்கா தம் பெட்டிகளை உச்செள்ளுக் கொல்லைக்கு ஒட்டியே வைப்பது இதனால் சரியானது.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு எழுதியது:

இவ்வளவும் எழுதிய எல்லோருக்கும் நன்றி. உச்செள்ளைப் போல மாமரத்துக்கும் தேனீ வேண்டுமா? தோப்பில் பெட்டி வைத்தால் காய்ப்பு கூடும் என்று சொல்லித்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள்.

தகடூர் ஆசிரியர் எழுதியது:

மாம்பூவுக்குத் தேனீயைவிட ஈக்கள்தாம் அதிகம் வருகின்றன. தேனீயால் ஓரளவு பயன் உண்டு. அதை மட்டும் நம்பிப் பெட்டி கொடுத்தது பிழை. உன் ஊரில் 17 பேரின் பெட்டிகள் காலியான காரணத்தை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் தையிலும் மாசியிலும் பூ மலர்ந்திருக்கும்போது தத்துப்பூச்சிக்கு மருந்தடித்தால் ஈயும் சாகும், தேனீயும் சாகும். பூ முடிந்தபின் மழைக்காலத்தில் தோப்பில் தேனீக்கு உணவே இருக்காது. கொடுத்தவர்கள் இதை எழுதிவைத்திருந்தால் அடுத்த ஊருக்காவது பயன்பட்டிருக்கும். நீ ஒரு நோட்டுப் புத்தகம் எடு. பெட்டி எண், நாள், முட்டை இருந்ததா, புழுச் சட்டம் எத்தனை, தேன் எவ்வளவு, பக்கத்தில் பூத்திருப்பது என்ன, மருந்தடித்தது யார். இவ்வளவு போதும்.

தளி உச்செள்ளு எழுதியது:

தம்பி, இங்கே உச்செள்ளு மொட்டு வைத்துவிட்டது. இரண்டு வாரத்தில் கொல்லை முழுதும் மஞ்சளாகிவிடும். மழைக்காலத்தில் உங்கள் தேனீக்கு உணவில்லை என்றால் ஐந்தாறு பெட்டிகளை ஏற்றி வாருங்கள். இடம் இருக்கிறது, எனக்கும் மணி கூடும்.

பென்னாகரம் மாணவி எழுதியது:

அண்ணா, ஏற்றுவதற்குமுன் 14 பெட்டிகளையும் திறந்து புழு அறைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1992இல் நோய் எப்படி ஊர் மாறியது என்பதை மறக்க வேண்டாம்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு எழுதியது:

இன்று காலை 7 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு முடித்தேன். ஆசிரியர் சொன்னபடி எழுதியிருக்கிறேன். 13 பெட்டிகளில் குறை எதுவும் கண்ணில் படவில்லை. 9ஆம் பெட்டியில் புழுச் சட்டம் நான்கு. மூன்றாவது சட்டத்தின் கீழ் ஓரத்தில் மூடி திறந்த அறைகள் ஐந்து. அவற்றில் மூன்றில் புழு தலை தூக்கிக் கிடந்தது. தீக்குச்சியால் ஒன்றைத் தூக்கினேன். தளி அக்கா எழுதியபடியே பையாகத் தொங்கியது.

ஆகவே இந்தப் பருவத்தில் ஒரு பெட்டியும் தளிக்கு வராது. அக்கா மன்னிக்க வேண்டும். 9ஆம் பெட்டியைத் தோப்பின் மேற்கு மூலைக்கு மாற்றவா, கொளுத்திவிடவா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

தளி உச்செள்ளு எழுதியது:

கொளுத்த வேண்டாம். அந்தப் பெட்டியின் சட்டத்தையோ கத்தியையோ மற்றப் பெட்டிகளுக்குக் கொண்டுபோகாதீர்கள். கூட்டம் தானே துப்புரவு செய்கிறதா என்று பாருங்கள்.

பென்னாகரம் மாணவி எழுதியது:

பெட்டியை இப்போது நகர்த்தவும் வேண்டாம், அண்ணா. அந்த மூன்றாவது சட்டத்தை அப்படியே விட்டுவையுங்கள். சனிக்கிழமை காலை முதல் பேருந்தில் பனிக்கட்டிப் பெட்டியோடு வருகிறேன். இரண்டு மூன்று புழுக்களை எடுத்துச் சென்று ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். அதுவரை தினமும் அந்தச் சட்டத்தில் திறந்த அறைகள் எத்தனை என்று மட்டும் எண்ணி எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் நான் படி எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். ஆய்வேட்டில் எண்ணியவர் பெயரோடு அது இடம்பெறும்.